அம்மாவுக்கு நாக்காக இருந்தேன்

உப்பைக் குறை, புளியைக் குறை, முக்கியமாக வாயைக் குறை என்று டாக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் என் வயதுக்காரர்களே, உங்களில் யாராவது உப்புக்காக உதை வாங்கியதுண்டா? நான் வாங்கியிருக்கிறேன். பச்சைப் புளியங்குச்சியால், விருந்தாளிகள் பார்க்க, என் வீட்டு வாசலிலேயே. எண்பதைத் தொடப்போகிறேன். எத்தனையோ மறந்துவிட்டது, மூக்குக்கண்ணாடி வைத்த இடம் உட்பட. அந்தக் குச்சியின் நீளம் மட்டும் மறக்கவில்லை.

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து போய் வந்துவிட்டேன். சின்ன வயதில் இன்னும் மோசம். களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடி ஓடித் தின்பேன். அம்மா குழம்புக் கிண்ணத்தோடு வாசலில் நிற்பாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை நின்று தோய்த்துக்கொண்டு போவேன். "இவன் புள்ளையா, செக்கு மாடா?" என்பார் அப்பா.

கிருஷ்ணகிரியிலிருந்து வேப்பனப்பள்ளி போகும் வழியில் எங்கள் ஊர். மாமரங்கள், கேழ்வரகுக் காடு, ஊடுபயிராக அவரை. கிழக்கே கொஞ்சம் நடந்தால் தெலுங்கு, மேற்கே போனால் கன்னடம். ஐம்பதுகளில் ஓசூரில் கம்பெனி என்று ஒன்றும் கிடையாது. குளிர்தான் இருந்தது. இப்போது என் பேரன் ஷிப்டு பஸ் ஏறும் இடத்தில் அப்போது கழுதைகள் நின்று யோசித்துக்கொண்டிருக்கும்.

நான் சொல்ல வந்தது ஓர் அவரைப் பருவத்தைப் பற்றி. எனக்கு வயது ஒன்பது.

அந்த ஐப்பசியில் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். மூன்று வாரம் படுக்கை. முடி கொட்டி, கன்னம் ஒட்டி, எழுந்து வந்தபோது வேறு யாரோ அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. ஆனாலும் வந்ததும் அக்காவின் கையிலிருந்து களித் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள். அக்காவுக்குப் பத்தொன்பது வயது. நன்றாகவே சமைப்பாள். இருந்தாலும் அடுப்பு அம்மாவுடையது.

அடுத்த சில நாட்கள் சாப்பாட்டில் கோளாறு. பால் அடிப்பிடித்துத் தெருவெல்லாம் நாறியது, அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ரசத்தில் உப்பே இல்லை, மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்து இருந்தது.

"காய்ச்சல் வந்த ஒடம்பு, ஞாபகம் தப்புது," என்றார் அப்பா.

"ஞாபகம்லாம் நல்லாத்தான் இருக்குது. நான் எதையாச்சும் தொட்டா மட்டும் ஒடனே கத்தறாங்களே," என்றாள் அக்கா.

உண்மையைக் கண்டுபிடித்தவன் நான். அறிவால் அல்ல, அயோக்கியத்தனத்தால். எங்கள் காட்டு ஓரத்தில் கும்மட்டிக்காய் காய்க்கும். பார்க்க வரி வரியாக அழகாக இருக்கும். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு, ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதில் ஒன்றைத் தோல் சீவி, கீற்றுப் போட்டு, வெள்ளரி என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். அவள் 'தூ' என்று துப்புவாள், நான் கைகொட்டிச் சிரிப்பேன், துடைப்பத்தோடு துரத்துவாள், நான் ஓடுவேன். ஓடும் வழியைக்கூட முன்பே பார்த்து வைத்திருந்தேன்.

அம்மா வாயில் போட்டு மென்றாள். நான் ஒரு காலைப் பின்னால் வைத்துக் காத்திருந்தேன். அவள் விழுங்கினாள்.

"நல்லாருக்குதுடா. இனிப்பா இருக்குது," என்றாள். இன்னொரு கீற்றையும் எடுத்தாள்.

வாழ்க்கையில் என் விகடம் ஒன்று என்னையே பயமுறுத்தியது அன்றுதான். பாய்ந்து அவள் கையிலிருந்ததைத் தட்டிவிட்டேன். "அம்மா, அது கும்மட்டிக்கா மா!"

அம்மா கீழே கிடந்த கீற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடிக்கவில்லை. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"காய்ச்சல் உட்டதுலருந்து இப்படித்தான். மூக்குலயும் ஒண்ணும் ஏற மாட்டேங்குது, நாக்குலயும் ஒண்ணும் ஒறைக்கல. மண்ணத் தின்னாலும் ஒண்ணுதான், மாங்கா தின்னாலும் ஒண்ணுதான்."

"அக்காகிட்ட சொல்லு மா."

"அவகிட்ட மூச்சு உடாத. தெரிஞ்சா 'உன்ன உட்டுட்டுப் போவ மாட்டன்'னு குந்திக்குவா. தையில பொண்ணு பாக்க வர்றம்னு சொல்லி உட்டிருக்காங்க. வர்றவங்க காதுல உழுந்தாலும் வம்பு. ஆத்தாளுக்கு இருக்கற நோவு பொண்ணுக்கும் வருமோன்னு போயிடுவாங்க."

"அப்பாகிட்ட?"

"உங்கப்பா வாயில எது தங்குது? சந்தைக்குப் போற வழியில மாட்டுகிட்டயாச்சும் சொல்லிடுவாரு."

அந்த வாயின் நேர் வாரிசு நான் என்பது அவளுக்குத் தெரியும். வேறு வழியில்லாமல்தான் என்னை நம்பினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து எனக்கு உத்தியோகம். சாயங்காலம் குழம்பு கொதிக்கும்போது அக்காவை ஏதாவது வேலை சொல்லி வெளியே அனுப்புவாள். பிறகு தொண்டையைச் செருமுவாள். எங்கே ஆடிக்கொண்டிருந்தாலும் நான் வந்துவிடுவேன். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு என் உள்ளங்கையில் விழும். ஊதி, நக்கி, கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை, மரியாதைக்காக மூடினேன்.

"உப்பு?"

"நாலு கல்லு போடு."

"காரம்?"

"போதும். புளி கொஞ்சம் தூக்கலா இருக்குது."

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் பலா மரத்தில் கடைந்த உப்பு மரவை ஒன்று இருந்தது. கல்லுப்பு ஊறி ஊறி விளிம்பெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். பின்னாளில் பாகம் பிரித்தபோது எந்த வீட்டுக்குப் போனதோ, யாரைக் கேட்டாலும் மற்றவரைக் காட்டுகிறார்கள். அதிலிருந்து நான் சொன்ன எண்ணிக்கையில் அம்மா உப்பை எடுத்துப் போடுவாள். கலெக்டர் உத்தரவு போட்டதும் தாசில்தார் ஓடுவது போல இருக்கும் எனக்கு. ஒரு வாரத்தில் தலை கனத்துவிட்டது. முதல் கரண்டி எனக்கு, தேங்காய்ச் சில் எனக்கு, இல்லையென்றால் நாக்கு வேலை செய்யாது என்று மிரட்டத் தொடங்கினேன். அம்மா எல்லாவற்றையும் கொடுத்தாள். என்ன ஒரு கொழுப்பு பாருங்கள் எனக்கு.

மார்கழிப் பனி விழுந்தால்தான் அவரைக்கு வாசனை ஏறும். உரித்த அவரைக்கொட்டையை ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் உப்பியிருக்கும். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால், தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு பாயும். அதுதான் பிதுக்கம்பருப்பு. வீடே வட்டமாக உட்கார்ந்து பிதுக்கும். நான் கூடைக்குக் குறி வைத்தால் அக்காவின் நெற்றியில் படும். நெற்றிக்குக் குறி வைத்தால் அப்பாவின் காதில் படும். தோலெல்லாம் பசுமாட்டுக்கு. விரலில் ஒட்டிய அந்தப் பச்சை வாசனை, குளித்தாலும் இரண்டு நாள் போகாது. அம்மா அந்தப் பருவத்தில் ஒருமுறை தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் வெகு நேரம் வைத்திருந்ததைப் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்ததும் மூக்கைச் சொறிவதுபோல் சொறிந்துகொண்டாள்.

பொங்கல் கழிந்ததும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். ஆனால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. பேச்சு முடிந்து, இன்னொரு நாள் வந்து பெண் வீட்டில் கை நனைத்துச் சாப்பிட்டால்தான் சம்பந்தம் உறுதி. அதுவரை எல்லாம் வாய்ப்பேச்சு. அடுத்த வாரம் கை நனைக்க வருவதாகச் சொல்லிப் போனார்கள். அக்கா அன்று முழுக்க யாரையும் திட்டவில்லை. அதிலிருந்தே அவளுக்கும் சம்மதம் என்று தெரிந்துகொண்டோம்.

அந்த நாளும் வந்தது. நெல்லுச்சோறு, வடை, பாயசம், நடுநாயகமாகப் பிதுக்கம்பருப்புக் குழம்பு. மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் களி இல்லாமல் சாப்பாடு இறங்காது என்று தெரிந்து ஒரு சட்டி களியும். அம்மா விடியலிலிருந்து அடுப்பங்கரையில். நான் துவைத்த டவுசரோடு உள்ளும் வெளியும் ஓடிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நான் மொதப் பந்தியில மாப்ள வீட்டாரோட குந்துவன்."

"பெரியவங்க சாப்ட்ட பின்னாடிதான்டா உனக்கு."

"அப்ப வட?"

"எண்ணி சுட்டு வெச்சிருக்கன். கை வெக்காத."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாக்கு என்னுடையது, பந்தி அவர்களுடையதா?

குழம்பு கொதித்தது. அக்கா வெளியே அனுப்பப்பட்டாள். உள்ளங்கையில் சொட்டு விழுந்தது. நக்கினேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு குழம்பு நான் சாப்பிட்டதில்லை. உப்பு இருந்ததே தெரியாத அளவுக்குச் சரியாக இருந்தது.

"பத்தல," என்றேன்.

"நெசமாவா?"

"சப்புனு இருக்குது."

அரைக் கை போட்டுக் கிளறி இன்னொரு சொட்டு விட்டாள். இப்போது கரித்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "இன்னும் கொஞ்சம்," என்றேன். இன்னோர் அரைக் கை விழுந்தது. அவளை நாலு தடவை அலைய விட்டு, 'பொய்யி! பொய்யி!' என்று குதித்து, ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். குதிக்க வாயைத் திறந்தேன். தண்ணீர்க் குடத்தோடு அக்கா உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே வண்டி மாட்டின் சலங்கை கேட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை அப்பா கூட்டி வந்துவிட்டார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"அப்பறம் சொல்லு."

"காதுல சொல்லணும் மா."

"அதென்னடா காதுல? எனக்குத் தெரியாம என்ன ரகசியம்?" என்றாள் அக்கா.

வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். சொம்பில் வெந்நீர் எடுத்துக்கொண்டு சட்டியை நெருங்கினேன். அக்கா மணிக்கட்டைப் பிடித்தாள். "சம்பந்தி சாப்பாட்டுல என்னடா கை? போ அப்படி!" இன்னொரு சுற்று ஓடினேன். சட்டியையே கவிழ்த்துவிடலாமா என்று தோன்றியது. சட்டி என்னைவிடப் பெரிது, போதாததற்குக் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் நான் திரும்பி வந்தபோது இலை போட்டு, சோறு விழுந்து, குழம்பும் விழுந்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா களியைப் பிட்டு, குழம்பில் நன்றாக ஒரு முக்கு முக்கி, விழுங்கினார். களியை மெல்ல மாட்டார்கள், நேரே உள்ளே இறக்க வேண்டும். அது பாதி வழியில் நின்றதை நான் தொண்டையில் பார்த்தேன். தண்ணீர் குடித்தார். பக்கத்திலிருந்த மனைவியிடம் மெதுவாகக் கன்னடத்தில், "உப்பு ஜாஸ்தி ஆயித்து," என்றார். எங்கள் ஊரில் ரகசியம் பேச எந்த மொழியும் உதவாது. எல்லோருக்கும் கேட்டது, எல்லோருக்கும் புரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் வைத்தாள். "ஏன் அண்ணி, இது கொழம்புல உப்பா, இல்ல உப்புல கொழம்பா?"

அப்பாவும் ஒரு வாய் வைத்துவிட்டு இலையையே பார்த்தார்.

அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். அந்தப் பதற்றத்தில், எல்லோருக்கும் முன்னால், கரண்டியிலிருந்து தன் உள்ளங்கையில் விட்டு நக்கினாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. கண் சுருங்கவில்லை, உதடு கோணவில்லை.

"சரியாத்தானே..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மாவின் கை இலையில் அப்படியே நின்றது. "உனக்குத் தெரியலையா, அண்ணி?"

அடுப்பங்கரை வாசலில் அக்கா நின்றிருந்தாள். அவள் விருந்தாளிகளைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்தாள். அடிப்பிடித்த பாலும் உப்பில்லாத ரசமும் அவள் கண்ணில் ஒவ்வொன்றாக வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. இன்னும் அரை நிமிஷம் விட்டால் அக்காவுக்குப் புரிந்துவிடும், அவர்களுக்கும் புரிந்துவிடும்.

நடந்ததை நடந்தபடி சொன்னால், சமைத்தவள் உப்புக்கு உன்னை ஏன் கேட்டாள் என்பார்கள். சொல்லாமல் இருந்தால், அவள் நாக்கு என்ன ஆனது என்பார்கள். இரண்டு வழியும் ஒரே குழியில் போய் விழுந்தன. நமக்குத் தெரிந்த ஒரே வழி கோமாளித்தனம்தான்.

"நான்தான் போட்டன்!" என்று கத்தினேன். "ரெண்டு கை! யாரும் இல்லாதப்ப! வெளையாட்டுக்கு!"

சிரிக்கவும் செய்தேன். அழுகை வந்ததால் அந்தச் சிரிப்பு ஆடு கத்தியது மாதிரி இருந்திருக்கும்.

அப்பா எச்சில் கையோடு எழுந்தார். வாசலுக்கு இழுத்துப் போனார். குச்சியைப் பற்றி முன்பே சொன்னேன், திரும்பச் சொன்னால் இப்போதும் வலிக்கும். மூன்றாவது அடியில் மாப்பிள்ளையின் அப்பா உள்ளேயிருந்து, "உடுங்க மச்சான், சின்னப் பையன்," என்றார். ஆறாவது அடியில்தான் அப்பா விட்டார். முழுதும் நியாயமான அடி. ஒன்றுகூட வீண் இல்லை.

நான் தேய்த்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தபோது மாப்பிள்ளையின் அம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அடப் பாவி அண்ணி! புள்ளயக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அத்தன உப்பையும் மூஞ்சி சுளிக்காம முழுங்குனியா? நானா இருந்தா அவன் காதத் திருகிக் கையில குடுத்திருப்பன்." பிறகு கணவனைப் பார்த்து, "இவ வளத்த பொண்ணுதான் நம்ம வீட்டுக்கு. மோர ஊத்துங்க, சாப்புடலாம்," என்றாள்.

மோர் ஊற்றிப் பிசைந்து, வடை தின்று, பாயசம் குடித்து, கை நனைத்துவிட்டுப் போனார்கள். பங்குனியில் கல்யாணம்.

கதையைக் கேட்டுத் தியாகம் அது இதுவென்று கண் கலங்கிவிடாதீர்கள். கூரையில் நெருப்பு வைத்தவனே குடம் எடுத்து ஓடினான், அவ்வளவுதான். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா சாகும்வரை என் அம்மாவின் பொறுமையைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கும்போதெல்லாம் அம்மா தரையைப் பார்ப்பாள். அடக்கம் என்று அதற்கும் ஒரு பாராட்டு. எனக்கோ அக்கா புகுந்த வீட்டில் 'உப்புக்கை' என்று பேர். பல் போன பிறகும் அங்கே போனால் அந்தப் பேர்தான். அக்கா மட்டும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

அன்று மீதி நாள் முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. அப்பாவின் குச்சியே தேவலை என்று இருந்தது. ஏன் 'பத்தல' என்று சொன்னாய் என்று கேட்பாள், என்ன சொல்லலாம் என்று ஏழெட்டுப் பொய் தயாரித்து வைத்திருந்தேன். கேட்கவே இல்லை.

மறுநாள் காலை, சமைக்காமல் மிச்சமிருந்த பிதுக்கம்பருப்பு புதுக் குழம்பாக அடுப்பில் கொதித்தது. தொண்டையைச் செருமும் சத்தம் வரவில்லை. வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

"வா இப்படி," என்றாள்.

வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினேன். சொட்டு விழவில்லை. ஒரு பிடி கல்லுப்பு விழுந்தது. எங்கள் பக்கம் உப்பைக் கையில் கொடுக்க மாட்டார்கள், சண்டை வரும் என்று கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அம்மா என் கையிலேயே வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"நீயே போடு."

"எவ்ளோ மா?"

"எனக்கு என்னா தெரியும்? உனக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு அடுப்பை ஊதக் குனிந்துகொண்டாள். நான் சட்டியின் முன் நின்றேன். பதில் சொல்வது சுலபம், தோழர்களே. போடுவது அப்படியல்ல. கையில் வியர்த்து உப்பு கரைய ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு கல்லாகப் போட்டேன். நக்கினேன். போட்டேன். நக்கினேன். அவ்வளவு நேரம் நான் ஓரிடத்தில் நின்றது அதுவே முதல் தடவை.

அப்பா சாப்பிட்டுக் காட்டுக்குப் போனார். அக்கா சாப்பிட்டுத் தண்ணீருக்குப் போனாள். பிறகு அம்மா தன் வட்டிலில் களியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வெளியே ஓடக் கிளம்பினேன்.

"குந்துடா," என்றாள்.

எதிரில் உட்கார்ந்தேன். ஒரு வாய் பிட்டு, குழம்பில் தோய்த்து, வாயில் வைத்துக்கொண்டாள். விழுங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"எப்படிடா இருக்குது?"

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு சொல்லத் தொடங்கினேன். "மொதல்ல பூண்டு வருது மா. அது போனப்பறம் தேங்கா. அடியில பருப்போட பச்ச வாசன, காட்டுல பனி காயறதுக்கு முன்னாடி செடிய ஒதுக்குனா வருமே, அது. இன்னிக்கு நேத்தவுட கெட்டியா இருக்குது. பருப்பு நாக்குல பட்டா மாவா ஆவுது, ஆனா கொழையல..."

அம்மா விழுங்கினாள். அடுத்த வாயைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ம்," என்றாள். "அப்பறம்?"